கூடு கழற்றிய பக்கி: நைட்ரோ பந்தயக் காரின் வடிவமைப்பை முன்கூட்டிப் படித்தல்

எட்டில் ஒரு பங்கு அளவிலான நைட்ரோ பக்கி, ரேடியோவால் கட்டுப்படுத்தப்பட்டு மண் தடத்தில் ஓடும் பந்தயக் கார். நீளம் அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு; எடை மூன்றேகால் கிலோ அளவில் இருக்கும். 3.5 சி.சி. டூ-ஸ்ட்ரோக் என்ஜின் நான்கு சக்கரங்களையும் ஓட்டுகிறது. இந்த வகைக்கு இஃப்மார் என்ற சர்வதேச அமைப்பின் பெயரில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை உலகப் போட்டி நடைபெறுவது வழக்கம். அதன் இறுதிச்சுற்று ஒரு மணி நேரம் ஓடும்.

இப்படி ஒரு காரின் புதிய மாடல் கடைக்கு வருவதற்குப் பல மாதம் முன்பே ஏதாவது ஒரு தடத்தில் மாதிரி வண்டியாகத் தலைகாட்டிவிடும். பாடி எனப்படும் மெல்லிய பாலிகார்பனேட் கூட்டைக் கழற்றி வைத்திருக்கும் நேரத்தில் யாராவது ஒரு படம் எடுத்துவிடுவார்கள். அந்த ஒரு படத்தை வைத்துக்கொண்டு வண்டி எப்படி ஓடும் என்று ஓரளவு சொல்ல முடியும். ஆனால் கண் எதைத் தேட வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். முதலில் கண்ணில் படுவது பாடியின் வடிவமும் அனோடைஸ் செய்த பாகங்களின் நிறமும்தான். வண்டியைப் பற்றி மிகக் குறைவாகச் சொல்பவையும் அவைதான். எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது, ஓட்டத்தில் அது எவ்வளவு வேகமாக இடம் மாறும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கூட்டுக்குக் கீழேதான் இருக்கிறது.

வடிவமைப்பாளர் கையில் இருக்கும் இடம் சிறியது. விதிகள் அகலத்தை 310 மி.மீ.க்குள் நிறுத்துகின்றன. எடை 3,200 கிராமுக்குக் குறையக் கூடாது. எரிபொருள் டேங்க் 125 சி.சி.க்கு மேல் போகக் கூடாது. இதற்குள் அடங்கும் அமைப்பும் பல ஆண்டுகளாக ஏறக்குறைய ஒன்றாகவே நிலைத்துவிட்டது. நடுவில் ஒரு டிஃபரன்ஷியல் (ஆற்றலைப் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரத் தொகுதி), அதன் பின்னால் கிராங்க் முன்னோக்கிய என்ஜின், ஒரு பக்கம் டேங்க், மறு பக்கம் ரேடியோ பெட்டி. 1980களில் கியோஷோவின் ‘பர்ன்ஸ்’, 1990களில் அதே நிறுவனத்தின் ‘இன்ஃபெர்னோ’ ஆகிய கார்களின் காலத்தில் வேரூன்றிய இந்த ஏற்பாட்டை இன்றுவரை யாரும் அசைக்கவில்லை. 2008-இல் அமெரிக்காவின் சார்லட்டில் அட்சுஷி ஹாரா உலகப் பட்டம் வென்ற ஹாட் பாடீஸ் டி8, 2010-இல் தாய்லாந்தின் பட்டாயாவில் கோடி கிங் வென்ற கியோஷோ எம்.பி.9, 2022-இல் ஸ்பெயினின் ரெடோவானில் டேவிடே ஓங்காரோ வென்ற டீம் அசோசியேட்டட் கார் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பழகாத கண்ணுக்கு ஒரே அச்சில் வார்த்தவை போலத் தெரியும். வேறுபாடெல்லாம் மில்லிமீட்டரில் இருக்கிறது.

மில்லிமீட்டரைப் படத்திலிருந்து அளக்க ஒரு வழி உண்டு. இந்த வகைக் கார்களின் சக்கர ரிம் விட்டம் ஏறக்குறைய 83 மி.மீ. என்று எல்லா நிறுவனங்களிலும் ஒன்றுதான். சக்கர நட்டின் அறுகோணம் 17 மி.மீ. பக்கவாட்டில் எடுத்த படத்தில் ரிம்மையே அளவுகோலாகக் கொண்டால் அச்சுகளுக்கு இடையிலான தூரம், ஷாக் அப்சார்பர்களைத் தாங்கும் ஷாக் டவரின் உயரம், என்ஜின் தலையின் இடம் எல்லாவற்றையும் கணக்கிட்டுவிடலாம். காமிராவுக்கு அருகில் இருக்கும் பொருள் பெரிதாகத் தெரியும் என்பதால், ரிம்மின் தளத்தில் இல்லாத பாகங்களுக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் பிசகும். நடுக்கோட்டை ஒட்டி இருக்கும் என்ஜின் உண்மையைவிடச் சிறிதாகவே படும். அதைக் கழித்துப் பார்க்க வேண்டும்.

என்ஜினை முன்னால் நகர்த்திவிட்டார்கள் என்பது ஒவ்வொரு புதிய காரைப் பற்றியும் எழும் முதல் பேச்சு. கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தப் பேச்சின் எடை தெரிந்துவிடும். என்ஜின் சுமார் 350 கிராம். அச்சுகளுக்கு இடையே பொதுவாக 325 மி.மீ. என்ஜினை மட்டும் 5 மி.மீ. முன்னால் தள்ளினால் முன் சக்கரங்களுக்குக் கூடுதலாகப் போவது 5 கிராமுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அதே படத்தில் ரேடியோ ரிசீவரின் பேட்டரியைத் தேட வேண்டும். 100 கிராம் பேட்டரியைப் பின்பக்கத்திலிருந்து 150 மி.மீ. முன்னால் கொண்டுவந்திருந்தால் 46 கிராம் முன்னால் வந்துவிடும். எல்லோரும் பேசும் மாற்றத்தைவிட எட்டு மடங்கு பெரிய மாற்றம் ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஒளிந்திருக்கிறது. ஆகவே என்ஜின், டேங்க், இரண்டு சர்வோ (ஸ்டீயரிங்கையும் திராட்டிலையும் அசைக்கும் சிறு மோட்டார்கள்), பேட்டரி ஐந்தும் ஒன்றாக எந்தப் பக்கம் நகர்ந்திருக்கின்றன என்று பார்ப்பதே சரியான வாசிப்பு. அவை நடுவை நோக்கி நெருங்கியிருந்தால் வண்டி வளைவில் சட்டென்று திரும்பும், திரும்பியதும் சட்டென்று நிற்கும். முனைகளை நோக்கிப் பரவியிருந்தால் மெதுவாகத் திரும்பும். பள்ளம் மேடு நிறைந்த தடத்தில் அந்த மந்தம் ஓட்டுநருக்கு நிதானத்தைக் கொடுக்கும். இரண்டில் எது நல்லது என்பதைத் தடம்தான் முடிவு செய்யும்.

டேங்கின் இடம் தனியாகக் கவனிக்கத் தக்கது, ஏனென்றால் ஓட்டத்தின் நடுவில் எடை குறைந்துகொண்டே போகும் ஒரே பாகம் அது. 125 சி.சி. எரிபொருள் சுமார் 110 கிராம். வண்டியின் ஈர்ப்பு மையத்துக்கு அருகில் டேங்க் இருந்தால், நிரம்பிய வண்டிக்கும் காலியான வண்டிக்கும் முன்-பின் சமநிலை மாறாது. உயரமான குறுகிய டேங்க் இடத்தை மிச்சப்படுத்தும், ஆனால் எடையை மேலே தூக்கும். தாழ்ந்து அகன்ற டேங்கில் வளைவுக்கு வளைவு எரிபொருள் அலையடித்து உறிஞ்சும் குழாயைக் காற்றில் விட்டுவிடும். உட்புறத் தடுப்புகள் அதற்காகத்தான். அவை படத்தில் தெரிவதில்லை. மூடி எங்கே திறக்கிறது என்பது மட்டும் தெரியும். சுமார் எட்டு முதல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பிட் நிறுத்தம். மேடையில் நிற்கும் ஓட்டுநர் வண்டியைப் பிட் பாதைக்குள் விடுகிறார். மெக்கானிக் ஒரு கையால் வண்டியைத் தூக்கி, அமுக்குப் பாட்டிலின் மூக்கால் மூடியை நிமிர்த்தி, ஒரே பிழியலில் டேங்கை நிரப்பி வண்டியைத் திரும்பத் தரையில் விடுகிறார். ஸ்பிரிங் மூடி தானாகவே விழுந்து மூடிக்கொள்கிறது. இரண்டு மூன்று விநாடிக்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும். மூடியின் கைப்பிடி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, பாடியில் வெட்டிய துளை பாட்டிலுக்கு வழிவிடுகிறதா என்ற அற்பமான கேள்விகள் ஒரு மணி நேர இறுதிச்சுற்றில் அற்பமாக இருப்பதில்லை.

எரிபொருளைப் பற்றிச் சில சொற்கள். மெத்தனால், நைட்ரோமீத்தேன், எண்ணெய் மூன்றும் கலந்தது அது. நைட்ரோமீத்தேனின் எரிஆற்றல் எடைக்கு எடை மெத்தனாலைவிடக் குறைவு. ஆனால் அது தன் மூலக்கூறிலேயே ஆக்சிஜனைச் சுமந்து வருகிறது. ஒரு கிராம் மெத்தனால் முழுதும் எரிய ஏறக்குறைய 6.4 கிராம் காற்று வேண்டும், நைட்ரோமீத்தேனுக்கு 1.7 கிராம் போதும். அதே அளவு காற்றில் கூடுதல் எரிபொருளை எரிக்க முடிவதால் ஆற்றல் கூடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் வெடிபொருள் மூலப்பொருள் ஒழுங்குமுறை, 2021 பிப்ரவரி முதல், எடையில் 16 சதவீதத்துக்கு மேல் நைட்ரோமீத்தேன் உள்ள கலவை பொதுமக்கள் கைக்குத் தடையின்றிப் போவதை நிறுத்தியது. அங்கே ஓட்டுபவர்கள் என்ஜின் தலைக்கு அடியில் வைக்கும் மெல்லிய வளையங்களைக் குறைத்து, அமுக்கத்தைக் கூட்டி ஈடுசெய்கிறார்கள்.

என்ஜினில் தீப்பொறி பிளக் கிடையாது. 1947-இல் ரே ஆர்டன் சந்தைக்குக் கொண்டுவந்த கிளோ பிளக்கின் வழிவந்ததுதான் இன்றும் பயன்படுகிறது. பிளாட்டினம் கலந்த சிறு கம்பிச்சுருளை ஒன்றரை வோல்ட் பேட்டரியால் பழுக்கவைத்து ஓட்டத்தைத் தொடங்கினால் போதும். அதன் பிறகு மெத்தனாலும் பிளாட்டினமும் வினைபுரிந்து சுருளைத் தாமே சிவப்பாக வைத்திருக்கும். பிஸ்டன் அலுமினியம், ஸ்லீவ் குரோம் பூசிய பித்தளை. ஸ்லீவ் மேல்முனையில் கண்ணுக்குத் தெரியாத அளவு குறுகியிருக்கும். குளிர்ந்த என்ஜினைக் கையால் சுற்றினால் உச்சியில் பிடித்துக்கொள்வது அதனால்தான். வெப்பம் ஏறி உலோகம் விரிந்த பிறகே பிடிப்பு சரியாகிறது. குளிர்காலையில் மெக்கானிக்குகள் என்ஜினைச் சூடாக்கிவிட்டுத்தான் கிளப்புவார்கள். இவை பெரும்பாலும் என்ஜின் நிறுவனத்தின் பொறுப்பு. பக்கியை வரைபவர் கவலைப்பட வேண்டியவை குளிர்காற்று தலைக்கு வருகிறதா, ஏர் ஃபில்டர் மண்ணிலிருந்து தள்ளி இருக்கிறதா, எக்ஸாஸ்ட் குழாய் டேங்கைச் சுடாமல் போகிறதா என்ற மூன்றும்தான்.

இனி ஆற்றல் சக்கரத்துக்குப் போகும் வழி. என்ஜின் வேகமெடுத்ததும் மையவிலக்கு கிளட்ச்சின் ஷூக்கள் விரிந்து, ‘மணி’ எனப்படும் உறையைப் பிடித்துக்கொள்கின்றன. மணியின் 13 பல், நடு டிஃபரன்ஷியலைச் சுற்றியுள்ள 48 பல் சக்கரத்தை ஓட்டுகிறது. முன் பின் முனைகளிலுள்ள டிஃபரன்ஷியல்களில் 13 பல் பினியன் 43 பல் கிரவுனை ஓட்டினால் மொத்த விகிதம் 12.2. என்ஜின் நிமிடத்துக்கு 35,000 சுற்று சுற்றுகிறது, டயரின் சுற்றளவு 36 செ.மீ. என்று கொண்டால் மணிக்கு 62 கி.மீ. வேகம் வரும். இன்னும் வேகமாக ஓடும்படி பல்லை மாற்றுவது எளிது. மண் தடத்தில் முழு வேகத்தைத் தொடும் நேரம் மிகக் குறைவு என்பதால் பெரும்பாலோர் அதை நாடுவதில்லை.

மூன்று டிஃபரன்ஷியல்களே இந்தக் காரின் மூளை என்று சொல்லலாம். படத்தில் அவை மூன்று சிறிய உருளைகள். உள்ளே இருப்பது கூம்புப் பற்சக்கரங்களும் சிலிக்கான் எண்ணெயும். எண்ணெய் கெட்டியாக இருந்தால் இருபக்கமும் சேர்ந்து சுற்ற முற்படும், நீர்த்திருந்தால் விட்டுக்கொடுக்கும். முன்னால் 5,000, நடுவில் 5,000, பின்னால் 3,000 சென்டிஸ்டோக் என்பது வழக்கமான ஒரு தொடக்கம். நடு டிஃபரன்ஷியலை எடுத்துக்கொண்டால், திராட்டிலை அழுத்தியதும் வண்டியின் எடை பின்னால் சாய்கிறது, முன் சக்கரங்கள் லேசாகின்றன. எண்ணெய் நீர்த்திருந்தால் ஆற்றல் எதிர்ப்பில்லாத வழியைத் தேடி முன்னால் ஓடிவிடும். முன் டயர்கள் வீணாகச் சுழன்று பலூன் போல விரியும், வண்டியோ நகராது. கெட்டியாக்கினால் ஆற்றல் பின்னால் நின்று வண்டியை எட்டித் தள்ளும். கூடவே வளைவில் பின்பக்கம் வழுக்கும் ஆபத்தும் வரும். வழுக்கும் தடத்துக்கு ஒன்று, பிடிப்புள்ள தடத்துக்கு வேறொன்று. அதனால் ஒரே நாளில் பலமுறை திறந்து மூட வேண்டியிருக்கும்.

அந்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தால் வடிவமைப்பின் தரம் புரியும். நான்கு திருகுகளை எடுத்துக் கிரவுனைக் கழற்ற வேண்டும். பழைய எண்ணெய் கருத்துப்போய், தேய்ந்த உலோகத்தூள் மினுங்கக் கிடக்கும். பற்களைத் துடைத்துத் திரும்பக் கோத்து, குறுக்குக் கம்பி மூழ்கும் மட்டும் புதிய எண்ணெய் ஊற்றிக் காற்றுக் குமிழிகள் மேலே வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். பொறுமை இழந்து விளிம்புவரை ஊற்றினால் சூட்டில் எண்ணெய் விரிந்து கேஸ்கெட் வழியாகக் கசியும். பத்தாவது நிமிடத்தில் வண்டியின் நடத்தையே மாறிவிடும். இவ்வளவுக்கும் முன்னால் டிஃபரன்ஷியலை வண்டியிலிருந்து எடுக்க வேண்டும். சில கார்களில் நான்கே திருகில் அது வெளியே வரும். சிலவற்றில் ஷாக் டவர், பம்பர், மேல் லிங்க் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டால்தான் கிடைக்கும். முதல் படத்தில் கியர் பெட்டியின் மூடி எந்தத் திசையில் பிரிகிறது, அதை எத்தனை திருகு பிடித்திருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பது வீண் வேலையாகாது.

சேசிஸ் 3 மி.மீ. அளவிலான 7075 அலுமினியத் தகடு. முன்பகுதி சுமார் எட்டு முதல் பத்து டிகிரி மேல்நோக்கி வளைந்திருக்கும். பள்ளத்தில் மோதும் சக்கரம் நேராகத் தடுக்கப்படாமல் பின்னால் விலகிக்கொடுக்க அந்தச் சாய்வு உதவுகிறது. சேசிஸையும் கியர் பெட்டிகளையும் இணைக்கும் முன் பின் முட்டுகள் தடிமனாக இருந்தால் தகடு வளையாது. பிடிப்புள்ள தடத்தில் வண்டி துல்லியமாக ஓடும். மெல்லியதாக இருந்தால் தகடு சற்று முறுக்கிக்கொடுத்துச் சக்கரத்தைத் தரையில் அமர்த்தும்.

ஷாக் அப்சார்பர்களில்தான் இந்த வகைக் கார் மற்ற மாடல் கார்களிலிருந்து பிரிகிறது. 16 மி.மீ. உள்விட்டம் கொண்ட பெரிய ஷாக் இப்போது பொதுவாகிவிட்டது. 14 மி.மீ. பிஸ்டனை 16 ஆக்கினால் அதன் பரப்பு ஏறக்குறைய 30 சதவீதம் கூடும். அதே அசைவுக்கு அதிக எண்ணெய் நகர்வதால் தணிப்பு சீராகிறது, சூட்டில் எண்ணெய் நீர்த்துப்போவதும் குறைகிறது. பிஸ்டனில் ஒன்றரை மில்லிமீட்டருக்குட்பட்ட சில துளைகள். மெதுவான அசைவில் எண்ணெய் அவற்றின் வழியாகச் சாவகாசமாகப் போய் வரும். ஒரு மேட்டிலிருந்து பாய்ந்த வண்டி சமதரையில் விழும் கணத்தில் பிஸ்டன் திடீரென்று பாய்கிறது. அத்தனை எண்ணெயும் ஒரே நேரத்தில் துளைக்குள் நுழைய முடியாமல் தேங்கி, ஷாக் கிட்டத்தட்ட ஒரு திடமான கம்பாகிவிடுகிறது. இந்த இறுக்கம் தேவைக்கு வந்தால் சேசிஸ் தரையைத் தொடாமல் தப்பும். தேவைக்கு முன்பே வந்தால் வண்டி பந்துபோல் எகிறும். துளையின் அளவு, எண்ணிக்கை, எண்ணெய், ஸ்பிரிங் நான்கையும் சேர்த்துப் பார்த்தால்தான் இது அமையும். நான்கில் ஸ்பிரிங்கின் நிறம் ஒன்றுதான் படத்தில் தெரியும். டவரில் ஷாக் மாட்டும் துளைகள் எத்தனை, எவ்வளவு சாய்வில் வரிசையாக இருக்கின்றன என்பது ஓரளவு துப்புக் கொடுக்கும். துளைகள் அதிகம் என்றால் வடிவமைப்பாளர் இன்னும் முடிவுக்கு வரவில்லை என்றும் பொருள் கொள்ளலாம்.

காற்றில் இருக்கும் வண்டியையும் ஓட்டுநர் கட்டுப்படுத்துகிறார். திராட்டிலை அழுத்தினால் சக்கரங்கள் முன்னோக்கி வேகமெடுக்கும், அதன் எதிர்வினையாக உடல் பின்னோக்கிச் சுழன்று மூக்கு உயரும். பிரேக் பிடித்தால் மூக்கு தாழும். சக்கரமும் டயரும் கனமாக இருந்தால் இந்தப் பிடி வலுவாகவும், லேசாக இருந்தால் மெலிந்தும் இருக்கும். நீளமாகப் பரவிய எடை இங்கேயும் அசைய மறுக்கும். பின் இறக்கை வண்டியைத் தரையில் அழுத்தும் வேலையோடு பறக்கும்போது வாலை நேராக வைக்கும் வேலையையும் செய்கிறது. பிரேக் நடு டிஃபரன்ஷியலின் இருபுறமும் உள்ள இரண்டு சிறு டிஸ்க்குகள். ஒரே சர்வோ கார்புரேட்டரைத் திறக்கவும் டிஸ்க்கை அமுக்கவும் செய்யும். முன் பின் அளவைத் தனித்தனியாகத் திருகி வைக்கலாம்.

மாதிரி வண்டியின் பாகங்கள் எப்படிச் செய்யப்பட்டவை என்பதும் ஒரு செய்தி. சஸ்பென்ஷன் ஆர்ம்களில் கருவியின் சுழல் தடம் தெரிந்தால் அவை கட்டியிலிருந்து கடைந்தவை. வார்ப்பு அச்சு இன்னும் வெட்டப்படவில்லை, நீளமும் வடிவமும் மாறக்கூடும். அச்சில் வார்த்த வழுவழுப்பும் பாக எண்ணும் தெரிந்தால் அந்தப் பாகம் முடிவானது. பழைய மாடலின் ஆர்ம்களே இருந்தால் எஃகு அச்சுக்குச் செலவழிக்க நிறுவனம் விரும்பவில்லை என்று கொள்ளலாம். அப்படியானால் புதிய சேசிஸில் எவ்வளவு மாற்றியிருந்தாலும், சக்கரம் ஏறி இறங்கும் பாதை பெரும்பாலும் பழையதே. கியோஷோவின் யூய்ச்சி கனாய் போல, தானே பந்தயம் ஓட்டிய வடிவமைப்பாளர்களின் வண்டிகளில் இத்தகைய பழைய பாகங்கள் பலமுறை தொடர்ந்து வருகின்றன. நன்றாக ஓடுவதை மாற்றாத அந்தத் துணிவு பாராட்டுக்குரியது.

படம் எதையும் சொல்லாத ஒரு கேள்வி இடது வலது சமநிலை. வண்டி விற்பனைக்கு வந்து, பெட்டி பிரித்துப் பாகங்களைக் கோத்த பிறகுதான் அது தெரியும். டேங்கில் பாதியளவு எரிபொருள் ஊற்றி, ஷாக்குகளை ஒரே உயரத்தில் வைத்து, நான்கு சக்கரங்களின் கீழும் ஒவ்வொரு தராசு வைக்கிறார்கள். வண்டியை ஒருமுறை அமுக்கி விட்டபின் எண்கள் நிலைக்கும்வரை காத்திருந்து, இடது இரண்டையும் கூட்டி வலது இரண்டின் கூட்டலோடு ஒப்பிடுகிறார்கள். வேறுபாடு இருந்தால் லேசான பக்கத்தில் சேசிஸின் ஓரத்தில் சிறிய பித்தளைத் துண்டை ஒட்டுகிறார்கள். அந்தத் துண்டை எங்கே ஒட்ட வேண்டியிருக்கிறது என்பதிலிருந்து, முதல் படத்தில் பார்த்த ஐந்து கனமான பாகங்களை வடிவமைப்பாளர் எவ்வளவு சரியாக அடுக்கியிருக்கிறார் என்பது எண்ணாகவே தெரிந்துவிடும்.